மறுகால் திடலில் நாற்பத்திரண்டாம் மனை

யூனிஸ் டீச்சருக்கு ஒரே மகன், மெர்வின். அவன் மஸ்கட்டுக்குப் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இந்தப் பத்தொன்பது வருஷமும் டீச்சர் என்னோடு பேசிய பேச்சையெல்லாம் அரித்து எடுத்தால் அடியில் ஒரே ஒரு பேச்சுதான் நிற்கும். அவன் எப்போது ஊரோடு வந்து இருப்பான் என்பது. விலைவாசி, கோயில் கமிட்டிச் சண்டை, என் மூட்டுவலி எல்லாம் அதைச் சுற்றிப் பேசியதுதான்.

எங்கள் ஊர் பூவாணிக்குளம். பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரி போகிற ரோட்டில் இடது பக்கம் இறங்க வேண்டும். ஆற்றிலிருந்து வருகிற கால்வாய் எத்தனையோ குளத்தை நிறைத்துவிட்டு, கடைசியில் மிச்சம் மீதியோடு எங்கள் குளத்துக்கு வந்து சேரும். அதனால் எல்லா வருஷமும் குளம் நிறையாது. நிறைந்துவிட்டால், மிச்சத் தண்ணீர் வடகோடிக் கரையில் இருக்கிற மறுகால் வழியாக வெளியே வழியும். வழிந்த தண்ணீர் கீழே இருக்கிற திடலில் அகலமாகப் பரவி, அங்கேயே நாலைந்து நாள் படுத்துக் கிடந்து, அதற்கப்புறம்தான் பைய ஓடைக்குப் போகும். மறுகால் திடல் என்று அதற்குப் பெயர். மற்ற நாளில் அது ஆடு மேய்கிற வெறும் தரை. வெறும் தரையாகக் கிடந்ததுதான் அதற்கு வினையாகப் போயிற்று.

டீச்சர் இந்த ஊர்க்காரர் இல்லை. உடன்குடிப் பக்கம், செம்மணல் தேரிக்காடு. ஒரு குடம் தண்ணீருக்கு மணலில் கால் புதைய நடந்து வளர்ந்தவர். இருபத்துமூன்று வயதில் எங்கள் வேதக்கோயில் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தார். அது ஒரு கார்த்திகை மாதம். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் நடவு முடிந்து, முழங்கால் வரை சேறோடு வந்துகொண்டிருந்தோம். தகரப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெண் மறுகால் ஓரத்தில் நின்று தண்ணீர் வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ஊருக்குள் வராமல் அங்கேயே நின்றுவிட்டது போலிருக்கிறது. என்னைப் பார்த்து, இந்தத் தண்ணீர் யாருக்கும் வேண்டாமா, இப்படிப் போகிறதே என்று கேட்டது. வேண்டுமென்றால் பாதியை உங்கள் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றேன் நான். இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு அந்தத் தகரப்பெட்டியைத் தலையில் சுமந்து பள்ளிக்கூட வாசலில் இறக்கியவள் நான்தான். அதிலிருந்து நான் அவருக்கு அக்கா.

அதற்கப்புறம் அவர் வேறு ஊர் போகவில்லை. இங்கேயே கல்யாணம், இங்கேயே வீடு. வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்தார். மெர்வின் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். டீச்சர் அழுதுகொண்டே பாடம் நடத்தினாரே தவிர, பாடத்தை நிறுத்தவில்லை. எங்கள் கீழத்தெருவில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவர் கையில் அடி வாங்கினவர்கள். எனக்கும் சொல்லித்தருகிறேன் என்று இரண்டு தரம் சிலேட்டை நீட்டினார். எனக்கு அதில் மனசு போகவில்லை. கைநாட்டே போதும் என்றுவிட்டேன். போதுமாகத்தான் இருந்தது.

அசனத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை மே மாதம் வரும். கடைசி நாள் அசனம். எந்த ஜாதி, எந்த மதம் என்று பார்க்காமல் ஊர் மொத்தமும் தரையில் வரிசையாக உட்கார்ந்து ஒரே சோறு, ஒரே குழம்பு சாப்பிடும். புது ஓலைப்பாயில் சோற்றை மலை மாதிரி குவித்து, குருவானவர் ஜெபம் பண்ணின பிறகுதான் முதல் கூடை எடுப்பார்கள். மெர்வின் மஸ்கட் போவதற்கு இரண்டு வருஷம் முன்னால் பழைய கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். வளவு முழுக்க ஜல்லியும் கம்பியுமாகக் கிடந்தது. அந்த வருஷம் அசனமே வேண்டாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. டீச்சர் அப்போது பெண்கள் சங்கத்துத் தலைவி. ஊருக்குச் சோறு போடுவதை ஒரு வருஷம் நிறுத்தினால் மறு வருஷம் நிறுத்துவது சுலபமாகிவிடும், மறுகால் திடலில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் எழுந்து சொன்னார். கோயில் வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. எட்டு வருஷம் அங்கேதான் அசனம். வருஷா வருஷம் படம் பிடித்துப் பண்டிகை மலரிலும் போட்டார்கள்.

மெர்வின் மஸ்கட்டில் எலெக்ட்ரிக்கல் வேலையில் நல்ல நிலைக்கு வந்தான். ஸ்வீட்லினைக் கட்டினான். அவள் கோயம்புத்தூரில் வளர்ந்த பிள்ளை. நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். இரண்டு பெண் குழந்தைகள். லீவுக்கு வந்தால் பத்து நாள். தெருவில் கார் நுழையாது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், வீட்டை இழுத்துக் கட்டவும் வழியில்லை. ஊரோடு வாயேன் என்று டீச்சர் கேட்டால், வந்து எங்கேம்மா இருப்பது என்று அவன் கேட்பான்.

இரண்டு வருஷம் முன்னால் மார்கழி பிறந்த கையோடு வந்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆறு ஊருக்குள் புகுந்த மழை அது. எங்கள் குளம் நிறைந்து, மறுகால் கொண்ட மட்டும் வழிந்தது. திடல் ஒரு கடல் மாதிரி கிடந்தது. அத்தனையையும் அந்தத் திடல் வாங்கிக்கொண்டபோதே கீழத்தெருவில் என் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். டீச்சர் வீடு தெருவின் மேட்டுக்கோடியில் இருக்கிறது. ஒன்பது நாள் அவர் வீட்டில்தான் நான் கிடந்தேன். தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் கீழே படுத்தார்.

மழை போய் ஆறேழு மாதத்தில் மறுகால் திடலில் வெள்ளைக் கல் நட்டார்கள். பழைய பண்ணையார் வீட்டு வாரிசுகள் விற்றுவிட்டார்களாம். பத்திரத்தில் அது தரிசு என்று இருக்கிறதாம். வாங்கின கம்பெனி அங்கே இருநூறு வீடு கட்டப் போகிறது. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகளைப் பார்த்துத்தான் வலை வீசினார்கள். பெயரே ஏலிம் கார்டன் சிட்டி. வேதத்தில் ஏலிம் என்ற இடத்தில் பன்னிரண்டு நீரூற்றும் எழுபது பேரீச்ச மரமும் இருந்ததாக உண்டு. இவர்கள் முதல் வேலையாகத் திடலில் நின்ற பனைகளை வெட்டிச் சாய்த்தார்கள். எழுபதுக்கு மேலேயே இருக்கும். அதில் அடைகிற நாரைகள் இரண்டு நாள் சுற்றிச் சுற்றிப் பறந்தன.

அந்த வாரத்தில் ஒரு நாள் டீச்சர் செருப்புக் கூடப் போடாமல் என் வீட்டுக்கு வந்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சுளகை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"அக்கா, மெர்வின் வாரான்."

"லீவுலயா?"

"இல்லக்கா. ஊரோட. வீடு கட்டப் போறான். திடல்ல மனைக்குச் சொல்லி வச்சாச்சி, நாப்பத்திரண்டாம் நம்பர்."

அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றைக்குக் கூட. அதனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்த நாலு கல்லுக்கு நடுவில் நிறுத்தினார். இங்கே வாசல், இங்கே பிள்ளைகள் படிக்கிற அறை என்று காட்டிக்கொண்டே வந்தார். நான் தரையைப் பார்த்தேன். ஐம்பது வருஷம் சேற்றில் நின்ற காலுக்குத் தெரியாதா? எங்கே பார்த்தாலும் கோரை. கட்டைவிரலால் நெம்பினால் நண்டு வளை. நல்ல கோடையிலும் மண் அடியில் குளிர்ந்து கிடந்தது.

"டீச்சர், இது தண்ணி படுக்குற எடம்லா" என்றேன்.

"எனக்குத் தெரியாதாக்கா? எட்டு வருசம் இங்கன ஊருக்கே சோறு போட்டிருக்கேன். ஒரு சொட்டுத் தண்ணி பாத்தீயளா?"

"மே மாசத்துல எங்கன இருக்கும்?"

"நாலடிக்கு மண்ணு அடிச்சு உசத்துதாங்க. அந்த மழையே வந்தாலும் ஏறாது."

"உங்க மகன் வீட்டுக்கு ஏறாது. தண்ணி எங்கயாவது போணும்லா? இங்கன எடம் இல்லன்னா நேரா என் வீட்டுக்குத்தான் வரும்."

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "உங்க மூணு பிள்ளையளும் கூப்பிடு தூரத்துல இருக்கு. நான் வீட்டுல விழுந்து கெடந்தா மறுநாள் பால்காரன்தான் பாக்கணும். அது உங்களுக்கு வெளங்காதுக்கா."

உண்மையைத்தான் சொன்னார். ஆனால் நான் சொன்னதும் உண்மை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக வீட்டுக்கு வந்தோம். அவராக வரட்டும் என்று நான் இருந்தேன். அவரும் அப்படியே இருந்திருப்பார். நாற்பத்துச் சொச்சம் வருஷத்தில் நாங்கள் பேசாமல் இருந்தது அந்த ஏழெட்டு மாதம்தான். கோயிலில் அவர் முன்வரிசை, நான் பின்வரிசை. ஆராதனை முடிந்தால் நான் பக்கவாசல் வழியாக வந்துவிடுவேன்.

லாரிகள் செம்மண் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தன. கீழத்தெருக்காரர்கள் மனு எழுதினார்கள். வக்கீலுக்குப் படிக்கிற ஸ்டெபி என்கிற எங்கள் தெருப் பிள்ளைதான் எழுதியது. எழுதி எங்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியது. தண்ணீர்ப் பாதை, வீடுகளுக்கு வருகிற ஆபத்து, நாரைகள் எல்லாம் இருந்தது. கிணற்றை விட்டுவிட்டாயே என்றேன். திடலில் தண்ணீர் படுத்து ஊறுகிறதால்தான் எங்கள் தெருக் கிணறு ஆனி ஆடியிலும் கற்கண்டாக இருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாயில் வைக்க முடியாத உப்பு. மண்ணைப் போட்டு மேலே சிமெண்டும் போட்டால் கிணற்றுக்கு எங்கிருந்து வரும்? அதையும் எழுத வைத்துவிட்டுத்தான் கைநாட்டு வைத்தேன். மனுவில் முதல் கை என்னுடையது. ஸ்டெபி தன் பழைய டீச்சரிடமும் காகிதத்தைக் கொண்டுபோயிற்று. டீச்சர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தாராம். யோசிக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

கமிட்டியும் சரி, மற்ற பெரிய மனுஷர்களும் சரி, வாயைத் திறக்கவில்லை. காரணம் இருந்தது. அசனத்துக்கென்று தகரக் கூரை போட்டுப் பெரிய சமையல் கொட்டகை கட்டித்தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. அசனச் சமையலுக்குத் தலைவர் அப்பாத்துரை அண்ணாச்சி. முப்பது வருஷமாக வெயிலில் நின்று வெந்தவர். அவர் அந்தக் கொட்டகைக்கு ஆசைப்பட்டதில் நான் தப்பு சொல்ல மாட்டேன்.

மாசி மாதம் அதிகாரிகள் வந்து, ஜனங்களின் கருத்தைக் கேட்கிறோம் என்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மனை சொன்னவர்களின் வீட்டாருக்கு முன்னால் மெத்தை வைத்த நாற்காலி, மோர். எங்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் பாதிப் பேருக்கு. டீச்சர் நற்கருணைக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையில் முன்வரிசையில் இருந்தார். கம்பெனி ஆள் கணேஷ்ராம் என்று ஒரு தம்பி. எல்லோரையும் அம்மா, அண்ணாச்சி என்று கும்பிட்டுப் பேசுகிறவன். எங்கள் மனுவை ஸ்டெபி வாசித்து முடித்ததும் அவன் எழுந்து, விளக்கை அணைக்கச் சொல்லி வெள்ளைத் திரையில் ஒரு படத்தைப் போட்டான்.

பண்டிகை மலரில் வந்த அசனப் படம். வெடிப்பு விட்ட தரையில் வரிசை வரிசையாக ஜனம் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் பனைகள். ஒரு பக்கம் ஏழெட்டு அண்டா கொதிக்கிறது. நடுவில் டீச்சர் கையில் கரண்டியோடு நிற்கிறார், தலையில் ஒரு நரை இல்லை. பக்கத்தில் மெர்வின், இருபது வயது, தோளில் சோற்றுக்கூடை, வேர்வையில் சட்டை ஒட்டிக் கிடக்கிறது. மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. என்னிடம் ஒரு நல்ல படம் கிடையாது. மனு, மண்டபம் எல்லாம் மறந்து நான் அவரையே பார்த்தேன். மண்டபத்தில் எல்லோரும் அப்படி யாரையாவது தேடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

"எட்டு வருசத்துப் படம் இருக்கு" என்றான் கணேஷ்ராம். "ஊரே தரையில உக்காந்து சாப்பிட்ட எடம். ஒரு படத்துலயாவது தண்ணி இருக்கா? இதைப் போய் நீர்நிலைங்காங்க. டீச்சரம்மாதான் இந்த எடத்த மொதல்ல சொன்னது. அவங்களே சொல்லட்டும்."

மைக்கைக் கொண்டுபோய் டீச்சர் கையில் கொடுத்தான். டீச்சர் உடனே எழுந்திருக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனைப் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். முதலில் அவனைத்தான் பார்த்திருப்பார். கணேஷ்ராம் அடுத்த படத்துக்குப் போகக் கையை எடுத்தபோது, மாற்ற வேண்டாம், அதுவே இருக்கட்டும் என்றார். பிறகு எழுந்து, பின்னால் திரும்பினார்.

"அப்பாத்துரை அண்ணாச்சி, அடுப்பப் பாருங்க. கோயில் வளவுல குழி வெட்டித்தான அடுப்பு போடுவீய? இங்கன ஏன் செங்கல் அடுக்கி உசத்திப் போட்டீய?"

எங்கள் அசனத்து அடுப்பு என்பது நீளமாக வெட்டின குழி. அண்டா தரை மட்டத்தில் உட்காரும், விறகு குழிக்குள் எரியும். இறக்கவும் சுலபம், காற்றும் அணைக்காது. படத்திலோ இடுப்பு உயரத்துக்குச் செங்கல் கட்டி, அதன்மேல் அண்டாக்கள் நின்றன. இத்தனை வருஷம் அந்தப் படத்தைப் பார்த்த ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. எனக்கும் படவில்லை.

அண்ணாச்சி கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் மோர்த் தம்ளரைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மொத வருசம் குழிதான் வெட்டுனேன், டீச்சர். முழங்கால் ஆழம் போகல, தண்ணி ஊறிட்டு. வெறகெல்லாம் நனைஞ்சு ஒரே பொகை. நல்ல மே மாசம். அன்னைக்கே செங்கலுக்கு மாறிட்டேன், எட்டு வருசமும் செங்கல்தான்."

கணேஷ்ராம் பதறிப்போய் அடுத்த படத்தைப் போட்டான். அதிலும் செங்கல் அடுப்பு. அதற்கு அடுத்ததிலும். பின்னால் யாரோ, "இன்னும் ஒண்ணு போடும்வே" என்றார்கள். மண்டபமே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அதிகாரி பக்கம் திரும்பினார்.

"தரைக்கு மேல தண்ணி இல்லன்னா அடியிலயும் இல்லன்னு நான் நெனச்சுக்கிட்டேன், ஐயா. நெனச்சுக்கிட்டா எனக்கு வசதியா இருந்திச்சு. இந்த எடத்தச் சொன்னது நான்தான், அதனால நான்தான் சொல்லணும். நாப்பத்திரண்டாம் நம்பர் என் மகன் மெர்வினோட மனை. அதையும் சேத்துத்தான் வேண்டாம்னு சொல்லுதேன். எழுதிக்கிடுங்க."

அதிகாரி எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் டீச்சர் மைக்கைக் கொடுத்தார். திரும்ப அந்த மெத்தை நாற்காலிக்குப் போகவில்லை. பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான், உட்காரவில்லை. கொஞ்சம் கழித்து, என் வீட்டுக்காரரைப் படத்தில் பார்த்தேனா என்று காதோடு கேட்டார். பார்த்தேன் என்றேன். அந்த ஏழெட்டு மாதமும் அதோடு போயிற்று.

அன்று சாயங்காலம் என் வீட்டிலிருந்துதான் மெர்வினுக்குப் போன் போட்டார். தனியாகப் போட பயம் என்று சொல்லவில்லை. போனில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, என்னையும் கேட்கும்படி வைத்தார். நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். அடுப்பைச் சொன்னார், அதிகாரியை எழுதிக்கொள்ளச் சொன்னதைச் சொன்னார். அவன் திட்டுவான், கத்துவான் என்று நினைத்தோம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஊருக்கு வரமாட்டேன்னு நான் சொல்லலம்மா. நீங்கதான் சொல்லிட்டீய" என்றான்.

சாப்பிட்டாயா என்று கேட்டார் டீச்சர். சாப்பிட்டேன் என்றான். போனை வைத்துவிட்டு, அவன் குரல் கரகரப்பாக இருக்கிறது, சளி பிடித்திருக்கிறது போல என்று என்னிடம் சொன்னார்.

வைகாசியில் அதிகாரிகள் ஆள் கூட்டிவந்து திடலில் ஆறு இடத்தில் குழி போட்டுப் பார்த்தார்கள். அப்பாத்துரை அண்ணாச்சி சொன்னதற்கு நாலு விரல் கூடக் குறைய, ஆறிலும் தண்ணீர் ஊறியது. நாங்கள் சும்மா நின்று வேடிக்கை பார்த்தோம். ஆவணி வாக்கில் காகிதம் வந்தது. தண்ணீர் போகிற வழியில் மண் அடிக்கக் கூடாது, அடித்த மண்ணை எடுக்க வேண்டும், திட்டத்தை மறுபடியும் ஆராய வேண்டும் என்று அதில் இருப்பதாக ஸ்டெபி வாசித்துச் சொன்னது. ஒரேயடியாக இல்லை என்று சொல்லவில்லையா என்று நான் கேட்டேன். அப்படி யாரும் எழுத மாட்டார்கள் பாட்டி என்றது. லாரிகள் போய்விட்டன. மண்ணை மட்டும் எடுக்கவில்லை.

ஊரில் டீச்சருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று பேசினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்கே வரவில்லை. கேட்டால் காலில் வீக்கம் என்றார். வீக்கம் ஒன்றும் இல்லை, நான் பார்த்தேன். மெர்வின் மஸ்கட்டில் இருந்துகொண்டே கோயம்புத்தூரில், மாமனார் வீட்டுக்குப் பக்கத்தில், ஐந்தாவது மாடியில் ஒரு வீடு பேசி முடித்துவிட்டான். அங்கே வந்து இருந்துகொள்ளச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டான். ஐந்தாவது மாடியில் நான் என்ன செய்வேன் என்று டீச்சர் என்னிடம் கேட்டார். போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகாதீர்கள் என்று சொல்லவும் வரவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

ஏன் அப்படிச் செய்தீர்கள், பேசாமல் இருந்திருக்கலாமே, தண்ணீர் வருவதை அப்புறம் பார்த்துக்கொண்டிருக்கலாமே என்று அவரிடம் கேட்டவர்கள் உண்டு. நான் கேட்கவில்லை. அந்தப் படத்தின் முன்னால் அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். அவருக்கு அந்தச் செங்கல் அடுப்பு கண்ணில் படாமல் இருந்திருந்தால் மகன் இந்நேரம் அஸ்திவாரம் தோண்டியிருப்பான். கண்ணில் பட்டதைப் படவில்லை என்று சொல்ல அவருக்கு வராது. பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். அது அவருக்கே கெடுதலாக வந்தது. வந்தால் என்ன, அவர் அப்படிப்பட்டவர்தான்.

போன கார்த்திகையில் குளம் நிறைந்தது. காலையில் சத்தம் கேட்டே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. நானும் டீச்சரும் குடையைப் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனோம். கம்பெனி கொட்டிப் போட்டிருந்த செம்மண் மேட்டை மறுகால் நடுவில் அறுத்துக்கொண்டு ஓடியது. அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் சிவப்பு. அதற்கு அப்பால் திடல் முழுக்க வெள்ளையாகப் பரந்து கிடந்தது. வெள்ளைக் கல் ஒன்று கூட வெளியே தெரியவில்லை. எங்கிருந்தோ நாரைகள் வந்து இறங்கி நின்றன.

அப்போதுதான் போன் வந்தது. அந்த நேரத்தில் அவன் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. கூட்டம் நடந்த நாளுக்கப்புறம் அவன் வாரத்துக்கு ஒரு தரம், சாப்பாடு, மருந்து என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துவிடுகிறவன். ஏதோ ஆகிவிட்டது என்று டீச்சர் அவசரமாகப் போனை எடுத்தார். திரையில் அவன் முகம் தெரிந்தது. வேலைக்குப் போகிற வண்டியில் இருந்தான், தலையில் மஞ்சள் தொப்பி.

"மறுகால் பாயுதாமேம்மா? குரூப்புல போட்டிருக்காங்க."

"பாயுதுப்பா."

"காட்டுங்கம்மா."

டீச்சர் போனைத் திருப்பித் தண்ணீரைப் பார்க்கப் பிடித்தார். முதலில் கீழே விழுகிற இடத்தைக் காட்டினார். பிறகு பைய கையைத் திருப்பித் திடலைக் காட்டினார். சத்தம் கேட்கிறதா என்று ஒரு தரம் கேட்டார். கேட்கிறது, அப்படியே பிடியுங்கள் என்றான். அவன் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. அவனுடைய மனை எது என்று அவனும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நான் குடையை அவர் தலைக்கும் போனுக்கும் சேர்த்துப் பிடித்தேன். எனக்கு முதுகு நனைந்தது.

கொஞ்ச நேரத்தில் அவனுடைய வண்டி நின்றிருக்க வேண்டும். யாரோ அவனை இந்தியில் கூப்பிட்டார்கள். வைக்கிறேன் அம்மா என்றான். அடுத்த லீவு எப்போது என்று டீச்சர் கேட்டார். அது அவனுக்குக் கேட்டதோ இல்லையோ. படம் கறுப்பாகிவிட்டது.

டீச்சர் போனைக் கீழே இறக்கவில்லை. தண்ணீருக்கு நேராக அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், அவன் வச்சிட்டான்" என்றேன்.

"தெரியும்க்கா" என்றார். கை இறங்கவில்லை. நான் குடையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.